தீபாவளி உறையில் அட்வென்ட் காலண்டர்: சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் செய்யும் வழி

தீபாவளி முடிந்த கையோடு வீட்டு அலமாரியில் எத்தனை அங்பாவ் உறைகள் (பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறைகள்) கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 24 தேறினால், கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் அட்வென்ட் காலண்டரில் பாதி வேலை முடிந்த மாதிரிதான். கிறிஸ்தவ வீடாக இருந்தாலும், அக்கம்பக்கத்துத் திறந்த இல்ல உபசரிப்புகளுக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் உறைகள் சேர்ந்திருக்கும். அவற்றில் ஊதா நிற உறைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு (அதுதான் அட்வென்ட்) தேவாலயத்தில் விரிக்கும் துணியின் நிறமும் ஊதாதான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இருப்பவர்கள் இதற்காகப் பெரிய நகரமான ஈப்போவரை போக வேண்டியதில்லை. அங்கே விற்கும் சாக்லேட் காலண்டரை வாங்கி வந்தாலும் நம் வீட்டுச் சூட்டில் அது தாங்காது. பிற்பகலில் 30 டிகிரியைத் தாண்டும் அறையில் சாக்லேட் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், மறுநாள் காலையில் எறும்பு வரிசை கட்டும். அதைவிடப் பெரிய குறை, திறந்து வாயில் போட்டுக்கொள்வதைத் தவிர பிள்ளைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. எண்ணை ஒட்டியது, உறையை மடித்தது, படம் வரைந்தது எல்லாம் தன் கை என்று தெரிந்த பிள்ளைதான் 24 நாளும் அந்தக் காலண்டரைத் தேடி வரும்.

செய்முறை எளிது. டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு உறை. அந்தந்த நாளில் அந்தந்த உறையைத் திறக்க வேண்டும், உள்ளே ஒரு சீட்டு இருக்கும். சீட்டில் அன்றைக்குச் செய்ய ஒரு சின்னக் காரியம். இந்தப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் லுத்தரன் சபைக் குடும்பங்களில் தொடங்கியது. சில வீடுகளில் கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டு, நாளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளை அழிக்க விட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரத்தில் கெர்ஹார்ட் லாங் என்பவர் இதை அச்சடித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் அவருடைய அம்மா அட்டையில் 24 இனிப்புகளை வைத்துக் கொடுத்ததுதான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது என்று சொல்வார்கள். நேரமே கிடைக்காத வீட்டுக்கு அந்தச் சாக்பீஸ் கோடு இன்றைக்கும் போதும். மரக்கதவில் போட்டால் ஈரத்துணியால் துடைத்ததும் போய்விடும். வெள்ளைச் சுவரில் போட்டால் கறை நிற்கும்.

நாள் கணக்கு

திருச்சபைக் கணக்கில் திருவருகைக் காலம் டிசம்பர் 1இல் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றில் தொடங்கும். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28, 2028இல் டிசம்பர் 3. அந்த ஞாயிறிலிருந்தே தொடங்க நினைத்தால் உறைகளின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் 26, 27, 22 என்று மாறும். முதல்முறை செய்பவர்கள் 24ஐயே வைத்துக்கொள்வது நல்லது. எண்கள் தேதியோடு ஒத்துப்போகும், பிள்ளைக்குக் குழப்பம் வராது. இன்னொரு வசதியும் உண்டு. 24ஐ இரண்டு பிள்ளைகளுக்கு 12, மூன்று பேருக்கு 8, நான்கு பேருக்கு 6 என்று சரிசமமாகப் பிரிக்கலாம். கடைசி உறை யாருக்கு என்ற சண்டை நிச்சயம் வரும். இரண்டு பேர் மாறி மாறித் திறந்தால் 24 எப்போதும் இரண்டாமவருக்கே போகும். ஆகவே 24ஆம் நாளை எல்லாரும் சேர்ந்து திறப்பது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேலையை நவம்பர் நடுவில் தொடங்குங்கள். ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை 25 நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காராது. மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்: முதல் மாலை உறைகளைத் தயார் செய்ய, இரண்டாவது எண் ஒட்ட, மூன்றாவது கயிறு கட்டித் தொங்கவிட. சீட்டு எழுதுவது பெரியவர்களின் வேலை, அது பிள்ளைகள் தூங்கிய பிறகு.

வேண்டிய சாமான்கள்

அங்பாவ் உறை 24, கிழிந்தால் மாற்ற இன்னும் நான்கு. துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் 24. ரஃபியா கயிறு ஒரு சுருள். 80 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கம்பு, பழைய துடைப்பக் கம்பை அறுத்தாலே போதும். மணிலா அட்டை ஒன்று. குச்சிப் பசை இரண்டு. முனை மழுங்கிய கத்தரிக்கோல் பிள்ளைக்கு ஒன்று, கூரானது பெரியவர்களுக்கு ஒன்று. இதெல்லாம் பட்டணத்துப் புத்தகக் கடையிலும் மலிவுவிலைக் கடையிலும் கிடைக்கும். உறை வீட்டில் இருந்தால் மொத்தச் செலவு பத்து, பதினைந்து வெள்ளியோடு (ரிங்கிட்) நின்றுவிடும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், அதிகம் கெட்டுப்போவது அங்கேதான். நவம்பர் மாலைகளில் மழை பிடித்துக்கொள்கிற ஊர் நம்முடையது. காற்றில் ஈரம் இருக்கும்போது வெள்ளைப் பசை சீக்கிரம் காயாது. அதில் தண்ணீர் அதிகம் இருப்பதால் மெல்லிய தாள் அலை அலையாகச் சுருண்டுவிடும். மைதா மாவில் காய்ச்சிய பசை கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் கூப்பிடும், ஈரத்தில் பூசணமும் பிடிக்கும். நெடியடிக்கும் குழாய்ப் பசை நன்றாக ஒட்டும், ஆனால் சின்னப் பிள்ளைகள் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. குச்சிப் பசைதான் சரி. தடவியதும் பத்து வரை எண்ணிக்கொண்டே உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் பசையைத் தடவிவிட்டு அழுத்தாமல் விடுவதால்தான் மறுநாள் எண் உதிர்ந்து கிடக்கிறது.

முதல் மாலை: உறைகள்

உறைகளைத் தரையில் பரப்பிப் பிள்ளையைப் பிரிக்கச் சொல்லுங்கள். நல்லது ஒரு பக்கம், கிழிந்தது ஒரு பக்கம், மூடி ஒட்டிப்போனது ஒரு பக்கம். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இந்த வேலை வரும். ஒட்டிப்போன மூடியைப் பிய்க்காதீர்கள். அந்த முனையை அரை சென்டிமீட்டர் கத்தரித்துவிட்டால் திறந்த வாயோடு அப்படியே பயன்படும்.

வங்கியின் பெயரோ கடையின் பெயரோ பெரிதாக அச்சடித்திருந்தால் இரண்டு வழி உண்டு. அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் பிள்ளையைப் படம் வரையச் சொல்லலாம். அல்லது உறையின் முதுகுத் தையலை மெதுவாகப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து மறுபடி ஒட்டலாம். உள்பக்கம் பெரும்பாலும் வெறும் வெள்ளையாக இருக்கும், விரலில் சாயம் தொட்டு நட்சத்திரம், ஆடு, மரம் என்று பதிக்க வசதி. மயிலும் குத்துவிளக்கும் போட்ட உறையை மறைக்கத்தான் வேண்டும் என்பதில்லை. விளக்கு கிறிஸ்துமஸுக்கும் பொருந்தும், பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும்.

மூன்று நான்கு வயதினருக்கு ஒட்டுவது, கிழிப்பது, விரல் பதிப்பது. ஐந்து ஆறு வயதில் நேர்கோட்டில் வெட்ட வரும். ஏழு எட்டு வயதில் மடிப்பு சுத்தமாக விழும். வளைவாக வெட்டும் வேலையை நான்கு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் கோபமும் அழுகையும்தான் மிஞ்சும். வேலையைப் பங்கிடும்போது அக்காவுக்கு மடிப்பு, தம்பிக்குப் பசை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கத்தரிக்கோலுக்கு அடிபிடி இருக்காது.

இரண்டாவது மாலை: எண்கள்

மணிலா அட்டையில் 4 சென்டிமீட்டர் சதுரங்கள் 24 வெட்டிக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்கு மேல் என்றால் எண்ணைப் பிள்ளையே எழுதட்டும். 2, 5, 7 கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்தால் திருத்தி எழுதச் சொல்லாதீர்கள். அந்த வயதில் அது இயல்பு, அந்த எழுத்தோடு தொங்கினால்தான் அது அந்தப் பிள்ளையின் காலண்டர். ஆனால் 6, 9 இரண்டுக்கும் கீழே ஒரு கோடு போட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உறை கயிற்றில் சுழன்று திரும்பும்போது ஒன்பதாம் நாள் சீட்டு ஆறாம் நாளே வெளியே வந்துவிடும். 12ஐயும் 21ஐயும் மாற்றி எடுப்பதும் வழக்கம். இந்த இரண்டு சதுரங்களுக்கு மட்டும் வேறு வேறு நிறம் கொடுங்கள்.

இன்னும் எழுதப் பழகாத பிள்ளைக்கு ஒரு சுலபமான வழி: பலசரக்குக் கடையில் ஆண்டு முடிவில் கொடுக்கும் பெரிய எழுத்துக் காலண்டர். ஒரே ஆண்டுக்கு இரண்டு மூன்று வீட்டில் சேர்ந்திருக்கும். உபரியாக இருப்பதிலிருந்து டிசம்பர் தாளை எடுத்து எண்களை வெட்டி ஒட்டலாம். இந்த ஆண்டின் டிசம்பர் தாளாகவே இருந்தால், சிவப்பில் அச்சடித்த எண்கள் சரியாக ஞாயிற்றுக்கிழமையில் விழும், ஞாயிறு உறைகளைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். வேறு மாதத் தாளை எடுத்தால் பெரும்பாலும் சிவப்பு எண் தப்பான நாளில் வந்து நிற்கும்.

மூன்றாவது மாலை: கட்டித் தொங்கவிடுவது

ஆறு உறை ஒரு வரிசை, மொத்தம் நான்கு வரிசை. நீள அங்பாவ் உறையின் அகலம் 8, 9 சென்டிமீட்டர் இருக்கும். இடையில் 3 சென்டிமீட்டர் விட்டால் ஒரு வரிசைக்கு 69 சென்டிமீட்டர். முடிச்சுக்கு இரண்டு பக்கமும் 10 சேர்த்துக் கயிற்றை 90ஆக வெட்டுங்கள்.

1. ஒரு கம்பின் இரு முனையிலும் ஒன்றரை மீட்டர் கயிறு ஒவ்வொன்று கட்டித் தொங்கவிடுங்கள்.
2. கம்புக்குக் கீழே 5 சென்டிமீட்டரில் முதல் குறுக்குக் கயிறு. அதற்குப் பிறகு 22 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஏணி மாதிரி நான்கு.
3. கடைசி வரிசைக்குக் கீழே, உறை இடிக்காத அளவுக்கு 20 சென்டிமீட்டர் இறக்கி, இரண்டாவது கம்பைக் கட்டுங்கள்.
4. மேல்கம்பின் இரு முனையையும் இணைத்து ஒரு கயிறு போட்டு ஆணியில் மாட்டுங்கள்.

கீழ்க்கம்பு அழகுக்கு இல்லை. அது இல்லாவிட்டால் உறைகளின் கனத்தில் பக்கக் கயிறுகள் உள்ளே இழுபட்டு, நடு உறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ரஃபியா வழுக்கும் கயிறு, ஒற்றை முடிச்சு நிற்காது. இரண்டு முடிச்சுப் போட்டு முனையில் சின்ன டேப் ஒட்டுங்கள்.

உறையைக் கிளிப் போட்டு மாட்ட வேண்டும், ஸ்டேப்ளர் வேண்டாம். பிள்ளை ஆசையாக இழுக்கும்போது ஸ்டேப்ளர் போட்ட உறை கிழியும், ஊசி தரையில் விழுந்து காலில் ஏறும். அலங்காரத்துக்கு விற்கும் குட்டி மரக் கிளிப்புகளின் பிடி பலவீனம், காத்தாடி ஓடினாலே உறை கீழே விழும்.

மாட்டும் இடம் முக்கியம். கண்ணாடிப் பட்டைகள் வைத்த நாக்கோ ஜன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம், சாரல் அடித்தால் ஒரே இரவில் 24 உறையும் நமுத்துப்போகும். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். வீட்டுப் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் பழக்கம் இருந்தால் அதற்கு ஒரு மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும், காத்தாடி காற்றில் தாள் எந்தப் பக்கமும் பறக்கும். ஹாலின் உள்சுவர்தான் நல்ல இடம். கீழ் வரிசை தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலான உறைகள் எட்டும். மேல் வரிசைக்குத் தூக்கிவிடுங்கள், அந்தத் தூக்கலே பிள்ளைக்குக் கொண்டாட்டம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் முழுவதையும் உயர்த்திக் கட்ட வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் எண்களை வரிசையாக மாட்டுங்கள். அதற்கு மேல் கலைத்து மாட்டலாம், அன்றைய எண்ணைத் தேடுவதும் ஒரு விளையாட்டு.

உள்ளே என்ன வைப்பது

உறைக்குள் சீட்டு மட்டும் போகட்டும், தின்பண்டம் வேண்டாம். இனிப்புத் தர விரும்பினால் சீட்டில் அதன் படத்தை வரையுங்கள். பிள்ளை சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் கொடுங்கள். எறும்பு வராது, இளகாது, பத்து மணிக்கே எல்லா உறையும் காலியாகாது. வாரத்துக்கு ஒரு இனிப்புச் சீட்டு, ஞாயிற்றுக்கிழமையில் என்றால் போதும். தினமும் இனிப்பு வைத்தால் மூன்றாம் நாளிலிருந்து பிள்ளை சீட்டைப் படிக்காது, உறையைத் தடவித்தான் பார்க்கும்.

பொருள் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் அந்தப் பொருள் நுழைந்தால் அது தொண்டையிலும் அடைக்கலாம். ரப்பர் கொட்டை, கண்ணாடிக் கோலி, காசு எல்லாம் நுழையும். ரப்பர் கொட்டையின் உள்பருப்பு நஞ்சும்கூட, அதை வைத்து எண்ணி விளையாடும் பெரிய பிள்ளைகளுக்கும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். கடலையும் உருண்டை மிட்டாயும் ஐந்து வயதுக்கு மேல். பொத்தான் பேட்டரி போட்ட மினுக்கு விளக்கும் குட்டிக் காந்தமும் எந்த வயதுப் பிள்ளையின் உறைக்கும் போகக் கூடாது. விழுங்கிவிட்டால் அறிகுறி தெரியும் முன்னே வயிற்றுக்குள் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சீட்டு எழுதுவதற்கு முன் ஒரு தாளில் 24 தேதியையும் கிழமையோடு எழுதி, வீட்டில் என்றைக்கு என்ன நடக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேரல் பாட்டுக் குழு வீட்டுக்கு வரும் நாள், பலகாரம் சுடும் நாள், தாத்தா பாட்டியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போகும் நாள், அப்பாவுக்கு இரவு ஷிப்ட் உள்ள வாரம். இந்தத் தாள் இல்லாமல் எழுதினால், அம்மா ஓவர்டைம் முடித்து ஒன்பது மணிக்கு வரும் நாளில் "இன்று கேக் செய்வோம்" என்று சீட்டு வந்து நிற்கும். வேலை நாள் சீட்டு பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். நீளமான காரியம் சனி, ஞாயிறுக்கு.

சீட்டுகள் இப்படி இருக்கலாம்:

"வாசலில் நட்சத்திரம் கட்டுவோம். பல்பு எரிகிறதா என்று பார்ப்பது உன் வேலை."

"பாட்டிக்குப் போன் போட்டு உனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் பாட்டை முழுசாகப் பாடு."

"உன் விளையாட்டுச் சாமான்களில் நல்லதாக இரண்டை எடுத்துத் துடைத்து வை. ஞாயிற்றுக்கிழமை வேறொரு பிள்ளைக்குக் கொடுப்போம்."

"இன்று அச்சு முறுக்கு. மாவு கலக்குவது நீ, அச்சை எண்ணெயில் விடுவது அம்மா. அடுப்புப் பக்கம் வரக் கூடாது."

"குடிலுக்குப் புல் வேண்டும். அப்பாவோடு போய் எடுத்து வா."

இந்தக் கடைசிச் சீட்டுக்கு முன்னேற்பாடு உண்டு. குடிலில் பரப்ப வைக்கோல் கிடைக்காத ஊரில் தரிசில் உயரமாக வளரும் லாலாங் புல் காய்ந்தால் அருமையாகப் பொருந்தும். ஆனால் பச்சை லாலாங் இலையின் ஓரம் விரலை அறுக்கும், புதருக்குள் பாம்பும் இருக்கலாம். பெரியவர் பாதையோரத்தில் வெட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கட்டி வைக்க வேண்டும். பிள்ளை கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். மழை தொடர்ந்தால் காயாது, நமுத்த புல் குடிலுக்குள் நாறும். ஆகவே டிசம்பர் பத்துக்குள் வெட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகும் சீட்டு ஒன்றாவது இருக்கட்டும். மலாய்க்காரர் வீடு என்றால் ஹலால் முத்திரை போட்ட பிஸ்கட் டின் கொடுப்பதுதான் மரியாதை. அதைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டுவது பிள்ளையாக இருக்கட்டும், பேச்சு பெரியவர்களுடையது.

நான்கு ஞாயிறுகளுக்கு வேத வசனம் வைக்கலாம். முதல் ஞாயிறு நவம்பரில் வந்துவிடும் ஆண்டில் அந்த வசனத்தை டிசம்பர் 1 உறையில் போடுங்கள். ஏசாயா 9ஆம் அதிகாரத்திலிருந்து இருளில் நடந்த மக்கள் வெளிச்சத்தைக் கண்ட வரி, மீகா 5இலிருந்து பெத்லகேம், லூக்கா முதல் அதிகாரத்திலிருந்து மரியாளிடம் தூதர் வந்தது, இரண்டாம் அதிகாரத்திலிருந்து பிறப்பு. லூக்கா எழுதியதில் மொத்தம் 24 அதிகாரங்கள் இருப்பதால் நாளுக்கு ஓர் அதிகாரம் என்று பெரியவர்கள் வாசிப்பதுண்டு. சின்னப் பிள்ளைக்கு அது தாங்காது. ஒரு வரி, அதற்கு ஒரு படம், அவ்வளவுதான். மூன்று ஞானிகளை 24க்குள் அவசரப்பட்டுக் கொண்டுவந்து குடிலில் நிறுத்த வேண்டாம். அவர்களுடைய திருநாள் ஜனவரி 6. அதுவரை ஹாலின் வேறு மூலையில் நின்று நாளுக்குக் கொஞ்சம் நகர்ந்து வரட்டும், நகர்த்தும் வேலை பிள்ளைக்கு.

படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தோடு படமும் வேண்டும். கோடு கோடாக வரைந்த தொலைபேசி, நட்சத்திரம், கரண்டி போதும். தன்னால் 'படிக்க' முடிந்தது என்ற சந்தோஷத்துக்காகவே அடுத்த நாள் ஓடி வரும்.

24 சீட்டையும் முதல் நாளே போட்டுவிடாதீர்கள். ஞாயிறு இரவு அந்த வாரத்துக்கான ஏழு சீட்டை மட்டும் போடுங்கள். எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது, திட்டம் மாறினாலும் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். அதிகாலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிற வீட்டிலும் காலை ஷிப்ட் வீட்டிலும் மாலையில் திறப்பதே நல்லது. குளித்துச் சாப்பிட்ட பிறகு, வீட்டு ஜெபத்துக்கு முன் என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டால் மறக்காது. ஒருநாள் தப்பினால் மறுநாள் இரண்டைத் திறந்து, எளிதானதை மட்டும் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் சேட்டை செய்ததற்காக அன்றைய உறையைத் திறக்க விடாமல் தண்டிக்காதீர்கள். அப்படி ஒருமுறை செய்தால் அந்தக் காலண்டர் மிரட்டும் பொருளாகிவிடும், மீதி நாட்களின் ஆசையும் போய்விடும்.

வேறு மூன்று வகைகள்

இரண்டு மூன்று வயதுப் பிள்ளை மட்டும் இருந்தால் காகிதச் சங்கிலியே அதிகம். ஏ4 தாளின் குறுக்கே 3 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் ஒரு தாளில் 9 பட்டை வரும், மூன்று தாள் போதும். ஒவ்வொரு பட்டையையும் 2 சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டிக் கோத்தால் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் சங்கிலி. நாளுக்கு ஒரு வளையத்தைப் பிள்ளை கிழிக்கும். சங்கிலி குட்டையாகிக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்ப்பதால், எண் தெரியாத பிள்ளைக்கும் கிறிஸ்துமஸ் நெருங்குவது புரியும். கீழிருந்து கிழிக்க வேண்டும், மேலிருந்து கிழித்தால் மொத்தமும் விழும்.

தீப்பெட்டி இழுப்பறை பார்க்க அழகு, ஆனால் பொறுமை கேட்கும். பத்துப் பெட்டிக் கட்டு மூன்று வாங்கி, குச்சிகளைப் பெரியவர்கள் எடுத்து மூடியுள்ள டின்னில் போட்டு உயரத்தில் வைத்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். பெட்டிகளை நான்குக்கு ஆறாக ஒட்டும்போது உள்பெட்டி உள்ளேயே இருக்கட்டும். வெறும் கூட்டை அழுத்தினால் நசுங்கி, பிறகு இழுப்பறை வெளியே வராது. பசை ஓரத்தில் வழிந்தாலும் அதே கதிதான். உரசும் பக்கத்தை வண்ணத் தாளால் மூடிவிடுங்கள்.

கதவு திறக்கும் அட்டைக் காலண்டர் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. 35க்கு 51 சென்டிமீட்டரில் இரண்டு மணிலா அட்டை. முன் அட்டையில் 5 சென்டிமீட்டர் சதுரக் கதவுகள், குறுக்கே நான்கு, கீழ்நோக்கி ஆறு. எல்லா இடைவெளியும் ஓரமும் 3 சென்டிமீட்டர். இடப்பக்கக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறி, மற்ற மூன்று பக்கத்தையும் பெரியவர் கத்தியால் வெட்ட வேண்டும், அடியில் தடித்த அட்டை வைத்து. பிறகு கதவுகளைத் திறந்து, முன் அட்டையைப் பின் அட்டைமேல் வைத்து, திறந்த இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். இந்தக் குறி இல்லாமல் படம் ஒட்டினால் ஆட்டின் கால் ஒரு கதவிலும் தலை இன்னொன்றிலும் தெரியும். படத்தை 6 சென்டிமீட்டருக்கு வெட்டினால் ஓரம் வெளியே தெரியாது. கடைசியில் இரண்டு அட்டையையும் ஒட்டும்போது பசை சுற்றுவட்டத்திலும் வரிசைகளுக்கு நடுவிலும் மட்டும் போகட்டும். கதவுக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில் வந்தாலும் அந்தக் கதவு ஒட்டிக்கொள்ளும். ஈரக் காற்றில் கதவுகள் தாமாகவே வாய் திறக்கும், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்ன நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

24ஆம் நாளும் பிறகும்

கடைசிச் சீட்டில் வேலை அதிகம் வேண்டாம். அன்றைக்கு வீடே பரபரப்பாக இருக்கும். இரவு ஆராதனைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் "மதியம் ஒரு மணிநேரம் தூங்கு. இரவு கோயிலிலிருந்து வந்ததும் குழந்தை இயேசுவைக் குடிலில் வைப்பது நீ" என்று எழுதுங்கள். பிள்ளைகள் பலர் இருந்தால் குழந்தையை வைப்பவர், விளக்கைப் போடுபவர், பாட்டைத் தொடங்குபவர் என்று பேரோடு எழுதிவிடுங்கள்.

புத்தாண்டு முடிந்ததும் கயிற்று ஏணியைக் கம்பில் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். கிளிப்புகள் ஒரு டின்னில். எண் ஒட்டிய உறைகளில் நமுத்ததையும் பூசணப் புள்ளி விழுந்ததையும் கழித்துவிட்டு, நல்லதை ஒருநாள் வெயில் காட்டி இறுக்கமான பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். அலமாரியில் திறந்து வைத்தால் வெள்ளிப்பூச்சி ஓரங்களை அரித்துவிடும். பிள்ளை எழுதிய எண்களைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த தீபாவளிக்குப் புது உறை வரும்போது, குறைந்த எண்ணை மட்டும் புதிதாக எழுதிச் சேர்த்தால் போதும்.